டிம்பா என் மகன் பேர்

மார்ச் 3

டிம்பாக்குட்டி,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. அடித்துவிட மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நீ போய் இன்றோடு நாற்பது நாள். இன்று இடுகாட்டு ஆபீசுக்குப் போய் வந்தேன். உன் தலைமாட்டில் ஒரு தகரம் நட்டிருக்கிறார்கள். 418 என்று இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் பாரத்தில் பேர் எழுதிக் கொடுத்தால் தகரத்தைப் பிடுங்கிவிட்டுக் கல் வைப்பார்களாம். கொடுக்காவிட்டால் நம்பரே நின்றுவிடுமாம்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. நல்ல மனுஷர்தான். என்னை உட்காரச் சொன்னார்.

"பையன் பேர் சொல்லுங்கம்மா."

"டிம்பா."

"வீட்டுல கூப்பிடறது இல்லம்மா. பேர்."

"அதுதான் சார் பேர். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், தெருவும் அப்படித்தான் கூப்பிடும்."

பேனா நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் கீழே ஏதோ விழுந்த மாதிரி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. இவர் அவரை முறைத்துவிட்டு என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கல்லுல அது வேணாம். போறவன் வர்றவன்லாம் போட்டோ புடிச்சுப் போட்டுச் சிரிப்பான்" என்றார்.

"ஏன் சார், அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"வீட்டுல சின்னப் பசங்க யாராச்சும் இருந்தாக் கேளுங்கம்மா, சொல்லுவாங்க."

வீட்டில் இருந்த சின்னப் பையன் நீதான்.

இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. மடித்து உன் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

அம்மா

*

மார்ச் 9

தம்பிக்கு,

அக்கா எழுந்து நடமாடுகிறேன். முட்டி வலி பழையபடிதான். அந்தக் குளிர் கிடங்கில் உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? இரண்டு உறை மாட்டிக்கொள். போனில் பேசினால் நீயும் அழுது நானும் அழுது வைத்துவிடுகிறோம். எழுதினால் நாலு வார்த்தை பேச முடிகிறது. அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து, பார்த்துப் படி.

நான் சலவைக்கூடத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசுகிறது. அங்கே மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இப்போதும் எனக்குக் குறி தைக்கிற வேலைதான். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதித் துண்டு, எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் அடையாளம் போடுகிறேன். நான் தைத்த துணி இன்றுவரை ஒன்றுகூட ஆள் மாறிப் போனதில்லை.

இடுகாட்டு ஆபீசில் நம் பிள்ளையின் பேரைச் சொன்னேன். சிரிக்கிறார்கள் தம்பி. ஏன் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. கூட வேலை செய்கிறாளே ஒருத்தி, எல்லோரையும் குத்திக் குத்திப் பேசுவதால் குண்டூசி என்று கூப்பிடுவோம், அவளிடம் கேட்டேன். அவளே தலையைக் குனிந்துகொண்டு, "விடுக்கா, ஸ்கூல் பேரையே போட்டுடு" என்றாள். குத்தாமல் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தப் பேரை முதலில் கூப்பிட்டவன் நீ. அவனுக்கு ஒன்றரை வயசு. நீ லீவில் வந்தபோது அவன் தின்ன ஒரு டிம்பா பாக்கெட் வாங்கி வந்தாய். பிரிக்க விடாமல் வயிற்றோடு கட்டிக்கொண்டு இரண்டு நாள் தூங்கினான். எழுந்ததும் அதைத் தேடி "டிம்பா, டிம்பா" என்றான். "இந்தா வந்துட்டாருக்கா டிம்பா சார்" என்று நீ தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாய். அன்றையிலிருந்து அதுதான்.

நீ நாலு ஊர் பார்த்தவன். அது நிஜமாகவே கெட்ட வார்த்தை ஆகிவிட்டதா? எல்லா இடத்திலுமா, இல்லை எங்கள் பக்கம் மட்டுமா? கேட்டு எழுது. காது மறைக்கிற மாதிரித் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். விரல்களும் இருக்கின்றன, பத்தும். நீ வேளைக்குச் சாப்பிடு. குண்டூசியிடம் நான் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதை அறையில் இருக்கிறவர்களிடம் கேட்டேன். ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேரும் ஐந்து ஊர். எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்கிறது. பெரிய கெட்ட வார்த்தை எல்லாம் இல்லை அக்கா. கிண்டல், அவ்வளவுதான். வெளியே ஜோராக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு மாசமும் லீவு தருகிறேன் என்பார், தரமாட்டார். அதற்கு இங்கே டிம்பா லீவு என்று பேர். வாய் கிழியப் பேசி வேலைக்கு ஆகாதவனையும் அப்படிச் சொல்வார்கள்.

நீ பள்ளிக்கூடப் பேரையே எழுதிக் கொடுத்துவிடு. கல்லில் அதுதான் நன்றாக இருக்கும். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இங்கே சரக்கு அதிகம். இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். அதனால்தான் எழுதத் தாமதம்.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொண்டு இரண்டு ஷிப்ட் பார்க்காதே. யாருக்காக இனிமேல்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து காது திறந்துவிட்டது. எங்கே போனாலும் கேட்கிறது. இத்தனை நாள் எப்படி என் காதில் விழாமல் இருந்தது என்று தெரியவில்லை. விழுந்திருக்கும், யாரோ நம் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

நேற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"அவன் பேச்ச நம்பிப் போகாதடி. சரியான டிம்பா."

"பாக்க நல்லாத்தானே இருக்கான்?"

"டிம்பாவும் பாக்க நல்லாத்தான் இருக்கும்."

இரண்டும் சிரிக்கின்றன. தோளைத் தட்டி, அது என் பையன் பேரும்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இன்னும் சிரிக்குமே என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

நம் முனைக் கடைக்காரரிடம் போய் நேராகவே கேட்டேன். கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது, எப்போதும் போல.

"இது இப்பவும் விக்குதா?"

"ஏன்க்கா விக்காம? திட்டறவனும் இதத்தான் வாங்கித் திங்கறான்."

"எப்பலேர்ந்து திட்டறாங்க?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும். பாருங்களேன், தலகாணி மாதிரி உப்பியிருக்கு. பிரிச்சா ஒரு கைப்பிடி இருந்தாப் பெருசு. எவனோ ஒருத்தன் சொல்லிருப்பான், ஊரே புடிச்சுக்கிச்சு." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம புள்ளைய நெனச்சுச் சொல்லலக்கா" என்றார்.

"அதுக்கு முன்னால பதினாறு வருஷம் அது அவன் பேருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது. ஒரு பாக்கெட் இனாமாகக் கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

நான் வைத்துக்கொண்டிருந்ததை யாரோ எடுத்து அழுக்காக்கித் திரும்ப வைத்த மாதிரி இருக்கிறது தம்பி. அழுக்கு என்றால் எனக்கு எடுக்கத் தெரியும். இது எப்படிப் போகும் என்று தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். பாக்கெட் பின்னால் விலாசம் இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

அக்கா

*

மே 6

டிம்பா செய்கிற முதலாளி அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சலவைக்கூடத்தில் குறி தைக்கிறவள். அதிகம் படிக்கவில்லை. தவறாக எழுதினால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகனுக்கு உங்கள் தின்பண்டத்தின் பேர். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான். அதனால் அப்படியே கூப்பிட்டோம். இருபத்தொரு வயசு வரை கூப்பிட்டேன். ஜனவரி மாசம் பார்சல் கொண்டுபோகும்போது பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. கல்லில் அந்தப் பேர் வெட்டக் கேட்டால் ஆபீசில் வேண்டாம் என்கிறார்கள். ஜனங்கள் உங்கள் பண்டத்தின் பேரைச் சொல்லி ஒருவரை ஒருவர் திட்டுகிறார்களாம். இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது இரண்டு. டிவியில் நீங்கள் விளம்பரம் போடுகிறீர்கள். அதில், இது திட்டுகிற வார்த்தை இல்லை, நல்ல பேர், இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இன்னொன்று, இது நல்ல பேர்தான் என்று முத்திரை போட்டு எனக்கு ஒரு காகிதம் தர வேண்டும். அதைக் குமாஸ்தாவிடம் காட்டுவேன்.

பாக்கெட்டில் காற்றைக் குறைத்தால் இந்தப் பேச்சே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது உங்கள் தொழில், நான் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் முடிவதற்குள் தயவு செய்து பதில் போடவும்.

இப்படிக்கு,
டிம்பாவின் அம்மா

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் இழப்புக்கு எங்கள் நிறுவனத்தின் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

தாங்கள் குறிப்பிட்டவாறு எங்கள் தயாரிப்பின் பெயர் வழக்குச் சொல்லாக மாறிவிட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. 'டிம்பா' என்பது பதிவு செய்யப்பட்ட வணிக முத்திரை. அது எங்கள் நொறுக்குத் தீனியை மட்டுமே குறிக்கும். வேறு எந்தப் பொருளும் அதற்கு இல்லை. எனவே அது குறித்து விளம்பரத்தில் விளக்கம் அளிக்க வேண்டிய தேவை எழவில்லை.

மேலும், மேற்படி பெயரைக் கல், பலகை, உலோகம் முதலிய எதிலும் நிலையாகப் பொறிக்க நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. அத்தகைய அனுமதி தனிநபர்களுக்கு வழங்கப்படுவதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் குடும்பம் எங்கள் தயாரிப்பின் மீது கொண்டுள்ள பற்றுக்கு நன்றி கூறும் வகையில் இருபத்து நான்கு பாக்கெட்டுகள் கொண்ட ஒரு பெட்டியை இத்துடன் அனுப்பிவைத்துள்ளோம். பெற்று மகிழவும்.

தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர் உறவுப் பிரிவு

*

ஜூன் 16

தம்பிக்கு,

இரண்டு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் இருக்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். நகல் எடுத்து வைத்திருக்கிறேன், படித்துப் பார். எனக்குப் பாதி புரியவில்லை. குண்டூசியின் மகள் உரக்கப் படித்துச் சொன்னாள். தெருவில் கேட்டால் அது திட்டு என்கிறார்கள். இவர்களைக் கேட்டால் திட்டே இல்லை, ஆனால் எங்கள் சொத்து, தொடாதே என்கிறார்கள். நடுவில் என் பையன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் கடிதத்தை எடுத்துக்கொண்டு குமாஸ்தாவிடம் போனேன். இரண்டு தடவை படித்தார்.

"இது வரைக்கும் ஒரு பிரச்சனைதான் இருந்துச்சு. இப்ப ரெண்டா ஆக்கிட்டு வந்திருக்கீங்களேம்மா" என்றார்.

"திட்டு இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களே சார்."

"சொல்லிட்டாங்க. கூடவே கல்லுல போடாதன்னும் சொல்லிட்டாங்க. நீங்க கேக்காமலே இருந்திருந்தா நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். சரி விடுங்க, இந்தக் கடுதாசிய நான் பாக்கல. நீங்களும் காட்டல. பிள்ளையே அந்தப் பேர விரும்பினான்னு எனக்கு ஒரு ஆதாரம் கொண்டாங்க. பேங்க் புத்தகம், வேலை அட்டை, எதுலயாச்சும் அந்தப் பேர் இருக்கா? மேல கேட்டா நான் அதக் காட்டிக்கறேன்."

அவர் நல்லவர்தான். எதில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீயும் யோசித்துச் சொல். உனக்கு அவன் எழுதியது ஏதாவது இருந்தால், அடியில் அந்தப் பேரில் கையெழுத்துப் போட்டிருந்தால், அனுப்பிவை.

ஒரு பெட்டி டிம்பா வந்திருக்கிறது. பெரிசு, ஆனால் தூக்கினால் கனமே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவன் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நீ கவலைப்படாதே.

அவன் எழுதியது எதுவும் என்னிடம் இல்லை. அறை மாறும்போது தொலைந்துவிட்டது. தயவு செய்து பள்ளிக்கூடப் பேரைக் கொடுத்துவிடு அக்கா. இதற்கு மேல் யாரிடமும் போய்க் கேட்காதே. நான் சொன்னால் கேட்பாய் என்று நினைக்கிறேன்.

மாத்திரை போடு.

தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீர் குடி.

ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவு வந்தது. முதலில் அவன் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தானே, எட்டு மாசம், அப்போது ஐந்து சீருடைச் சட்டை கொடுத்தார்கள். துவைப்பதும் அவர்களே. எல்லோர் சட்டையும் ஒரே நீலம், ஒரே மெஷினில் போவது. மாறாமல் இருக்குமா? என் பிள்ளை இன்னொருவன் வியர்வையைப் போடுவதா என்று, வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஐந்து சட்டைக்கும் காலருக்கு உள்பக்கம் டிம்பா என்று சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பேர் ஒன்பது எழுத்து, காலரில் கொள்ளாது. இது மூன்றே எழுத்து. அழகாக உட்கார்ந்தது. அவன் பார்த்துவிட்டு, "சூப்பர்மா" என்றான். அப்படித்தான் சொன்னான்.

அந்தச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பாருங்கள் சார், இந்தப் பேரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எட்டு மாசம் வேலைக்குப் போனான், அவனே வெட்கப்படவில்லை, நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்று காட்ட நினைத்தேன்.

அலமாரியை அவன் போன பிறகு நேற்றுதான் திறந்தேன். அடித் தட்டில் ஐந்தும் மடித்து இருந்தன. முதல் சட்டையின் காலரைத் திருப்பினால் ஒன்றும் இல்லை. வேறு யாருடையதோ என்று நினைத்தேன். அடுத்ததும் இல்லை.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன் தம்பி. ஊசி போன ஓட்டை இருக்கிறது. சின்னச் சின்னதாக, என் தையல் போன வழியிலேயே. நான் பின்தையல் போட்டு உள்ளே இரட்டை முடிச்சு இடுகிறவள். அது தானாகப் போகாது. மெஷினும் பிய்க்காது. ஒவ்வொரு தையலாக பிளேடு நுனியை விட்டு அறுத்து, நூலைப் பல்லால் இழுத்து எடுத்திருக்கிறது. துணியில் ஒரு கீறல் இல்லை. பொறுமையாகச் செய்திருக்கிறது. ஐந்தாவது சட்டையில் மட்டும் 'ம்' மேலே வைக்கிற புள்ளி சிவப்பாக மிச்சம் இருக்கிறது. கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

வேலையை விட்டபோது, "அங்க தூசி ஒத்துக்கலம்மா" என்றான். நானும் நம்பி கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தான்.

அவன் எழுதியது தொலைந்துவிட்டது என்று எழுதினாய். நீ சின்ன வயசிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டைக் கூடத் தொலைத்ததில்லை. உனக்கு என்ன தெரியும்? எதுவாக இருந்தாலும் எழுது. இனிமேல் எனக்கு என்ன ஆகப்போகிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம் ஏப்ரலில் எனக்கு ஒரு கடிதம் போட்டான். என் பெட்டியில்தான் இருக்கிறது. உனக்கு அனுப்ப மாட்டேன், உன்னிடம் காட்ட மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன்.

மூன்றாவது நாளே சட்டை மாற்றும்போது யாரோ காலரைப் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து அங்கே அவனுக்கு வேறு பேர் இல்லை. மேல்மாடியில் நின்றுகொண்டு லிஃப்ட் குழிக்குள் "டேய் டிம்பா" என்று கத்துவார்களாம். பத்து மாடிக்கும் கேட்குமாம். ஒரு வீட்டு அம்மா, "டிம்பா ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல நான் ஏற மாட்டேன்ப்பா" என்று படியில் நடந்து போனார்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்த அம்மாவும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை மாமா என்று எழுதியிருக்கிறான். ஏப்ரலில்தான் நூலைப் பிரித்துவிட்டானாம், நீ வேலைக்குப் போயிருந்தபோது. பிரித்தும் என்ன, பேர் போகவில்லை.

அவன் எழுதியது இது, அப்படியே தருகிறேன்: "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அம்மாவுக்கு அது இன்னும் தின்பண்டம்தான். அவங்களுக்காவது அப்படியே இருக்கட்டும்."

நான் பதில் போட்டேன். இதைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது அக்கா. நாலு பேர் கூட இருக்கிற வேலையை விட்டுவிடு, பார்சல் கொண்டுபோகிற வேலைக்குப் போ, வண்டியில் நீ தனி ஆள், யாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்று எழுதினேன். நான்தான் எழுதினேன். ஜூன் மாசம் விட்டான், ஜூலையில் வண்டியில் ஏறிவிட்டான்.

பேரும் நான் வைத்தது, வண்டியும் நான் ஏற்றிவிட்டது.

திட்டி ஒரு கடிதம் எழுது. படிக்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு நாளாக உட்காருகிறேன், எழுத வரவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று எழுதலாம் என்றால் அதுவும் வரவில்லை. தைத்தவள் நான்.

இரண்டு உறை மாட்டிக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

டிம்பா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. தெரியாமல் கேட்டால் பரவாயில்லை, தெரிந்துகொண்டே கேட்கக் கூடாது.

மாமா எல்லாம் சொல்லிவிட்டான். நீ சொல்லாதே என்றதை அவன் சொன்னது தப்புதான். நான் விடவில்லை. அவன்மேல் கோபப்படாதே.

நாளை கடைசி நாள். பாரம் முன்னால் இருக்கிறது. பேர் என்று ஒரு கட்டம். ஒரு வாரமாக உன் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அடுப்படியில் நின்றுகொண்டு சத்தமாகவே கூப்பிடுகிறேன், வாத்தியார் ஆஜர் எடுக்கிற மாதிரி இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்கா வந்திருக்காங்க?" என்றாள். யாரும் இல்லை என்றேன்.

அதுவும் நல்ல பேர்தான். நானே ஆசையாக வைத்தது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி ஒரு நாள் உன்னைத் தேடியதில்லை, எழுப்பியதில்லை, வைததில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பேரைப் படித்து "சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் எழுந்தேன். அதை வெட்டினால், கல்லுக்கு முன்னால் நின்று நான் யாரோடு பேசுவேன்?

டிம்பா என்று எழுதினால், குமாஸ்தா கையெழுத்துப் போட்டாலும் போட்டுவிடுவார். இன்று போய்ப் பார்த்தேன். "ஆதாரம் கிடைச்சுதாம்மா?" என்றார். சட்டை பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. "எதுவா இருந்தாலும் நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. நான் எதுவும் கேக்கல" என்றார். அவர் கேட்காமல் விட்டுவிடுவார். ஆனால் நீ பல்லால் பிரித்ததை நான் மறுபடியும் தைத்தது ஆகிவிடும். இந்தத் தடவை கல்லில் தைத்துவிடுவேன். உனக்குப் பிரிக்கவும் முடியாது.

எனக்குத் துணிதான் தெரியும். யாருடையது என்று கேட்டால் காலரைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

நீ நூலைப் பிரித்தது ஏப்ரலில். போனது ஜனவரியில். நடுவில் ஒன்பது மாசம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். டிம்பா, தண்ணி வந்துடுச்சு. டிம்பா, ஆறிப்போகுது வா. டிம்பா, ஹெல்மெட்டு. கடைசி நாள் காலையில்கூட மாடியிலிருந்து தெருவே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன். நீ வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "என்னம்மா" என்றாய். எப்போதும் போலத்தான் இருந்தது குரல். முகத்தையும் பார்த்தேன். நான் பார்க்கத் தெரியாமல் பார்த்தேனோ என்னவோ.

அத்தனை தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் "என்னம்மா" என்றாயா, இல்லை நான் கூப்பிடும்போது மட்டும் அது உன் பேராகவே இருந்ததா?